ஆறு குண்டு, ஒரு கிண்ணம், 13 மணி நேரம்!

ஆறு இரும்புக் குண்டு. ஒரு கிண்ணம். ஆறு ஜன்னல் வச்ச ஒரு வளையம். நடுவுல ஒரு நட்சத்திரம். மொத்தம் ஒன்பதே ஒன்பது உருப்படி. இதைச் சேர்த்து மாட்ட, மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிற ஒரு பையனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சனிக்கிழமை ராத்திரி 4 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை 9 மணி நேரம். ஆக 13 மணி நேரம். அப்பவும் மாட்ட முடியலைங்கிறதுதான் மேட்டர்!

அந்தப் பையன் வேற யாரு... அடியேன்தான்.

இத்தனைக்கும் அந்த செமஸ்டர்லதான் 'கான்ஸ்டன்ட் வெலாசிட்டி ஜாயின்ட்' படம் போட்டு, பாகம் குறிச்சு, 16 மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமா எழுதிட்டு வந்திருந்தேன். சுருக்கமா 'சி.வி. ஜாயின்ட்'. படத்துல அம்புக்குறி போட்டு 'கேஜ்'னு எழுதின அதே சமாச்சாரம் கையில வழுக்கிக்கிட்டு நின்னப்போதான், அம்புக்குறி வேற, இரும்பு வேறன்னு உறைச்சுது.

வண்டி எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க பாஸ். முன் சக்கரம் இழுக்கிற எந்தப் பழைய காரை எடுத்தாலும் கதை ஏறக்குறைய இதுதான். எங்க வீட்டுல அது கார் இல்லை, சோறு. நிஜமாவே சோறு! அப்பாவுக்குச் சின்ன கேட்டரிங் தொழில். பின் சீட்டைக் கழட்டிட்டு, அண்டாவும் தூக்குவாளியுமா அதுலதான் சாப்பாடு போகும். திங்கட்கிழமை விடியற்காலை 4 மணிக்கு ஒரு நிச்சயதார்த்த ஆர்டர். 150 பேருக்கு டிபன். அட்வான்ஸ் வாங்கியாச்சு, காய்கறிக்குச் செலவும் பண்ணியாச்சு.

அந்த வாரம்தான் முன்பக்க வலது டயருக்கு உள்புறம் கறுப்பா, கொழகொழன்னு கிரீஸ் தெறிச்சிருக்கிறதைப் பார்த்தேன். குனிஞ்சு பார்த்தா, டிரைவ் ஷாஃப்ட் முனையில துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா இருக்குமே ரப்பர் பூட்... அது வாய் பிளந்து சிரிச்சுது. பெரம்பூர்ல எங்க வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் ஷெட். மாஸ்டர் வந்து, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, மெதுவா ஒரு வட்டம் அடிச்சுப் பார்த்தார். "சத்தம் வரலைப்பா. 'கடக் கடக்'னு ஆரம்பிச்சிருந்தா ஜாயின்ட்டே போச்சுன்னு அர்த்தம். நீ பொழைச்சே. பூட்டை மாத்தி, கழுவி, புது கிரீஸ் வச்சாப் போதும். ஆனா செவ்வாய்க்கிழமைதான் கை ஒழியும்"னார்.

செவ்வாய்க்கிழமையா? ஆர்டர் திங்கட்கிழமை!

"பூட்தானே... நானே மாத்திடுறேம்ப்பா"ன்னு அப்பாகிட்ட சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூணு வருஷமா ஃபீஸ் கட்டின மனுஷர் இல்லையா? "சரி, பண்ணு"ன்னார். அவ்வளவுதான். 'உன்னால முடியுமா'ன்னு கேட்டிருந்தாகூட கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

ஜி.பி. ரோட்டுல பூட் கிட் வாங்கியாச்சு. அதுலயே ரப்பர் பூட், ரெண்டு கிளாம்ப், ஒரு சர்க்ளிப், பாக்கெட்டுல கறுப்பு கிரீஸ் எல்லாம் வந்துடும். அந்தக் கறுப்புக்குக் காரணம் மாலிப்டினம் டைசல்ஃபைடு. சாதாரண கிரீஸை வச்சு ஒப்பேத்தக் கூடாது. குண்டும் பள்ளமும் அவ்வளவு அழுத்தத்துல உரசும்போது சாதா கிரீஸ் பிதுங்கி ஓடிடும், இது ஒட்டிக்கிட்டு நிக்கும். ஸ்பேனர், பெரிய சாக்கெட், நெம்புறதுக்கு நீளப் பைப்பு எல்லாம் மாஸ்டர்கிட்ட கடன். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பையனை அனுப்புவேன், கொடுத்துடணும்"னு கண்டிஷன்.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்த ஒன்பது உருப்படி எதுக்குன்னு பார்த்துடுவோமா? ஆர்ட்ஸ் மக்கள் பக்கத்தைத் திருப்பிடாதீங்க, ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியும் பென்சிலும் இருந்தாப் போதும்!

கண்ணாடிக்குள்ளே ஒரு பென்சில்

அம்பாசடர், பத்மினி மாதிரி வண்டிகள்ல எஞ்சின் முன்னாடி, இழுக்கிற சக்கரம் பின்னாடி. நடுவுல நீளமா ஒரு தண்டு. அதோட ரெண்டு முனையிலும் சிலுவை மாதிரி 'யுனிவர்சல் ஜாயின்ட்' இருக்கும். 17-ம் நூற்றாண்டு ராபர்ட் ஹூக் பெயரால 'ஹூக் ஜாயின்ட்'னும் சொல்வாங்க. இதுல ஒரு வில்லங்கம். தண்டு ரெண்டும் நேர்கோட்டுல இருந்தா ஒண்ணும் பிரச்னை இல்லை. சாய்ஞ்சாத்தான் வம்பு. ஒரு பக்கம் ஒரே சீரா சுத்தினாலும், மறுபக்கம் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் கூடிக் குறையும்.

எவ்வளவு? 30 டிகிரி சாய்வுன்னு வச்சுக்குங்க. உள்ளே வர்ற தண்டு நிமிஷத்துக்கு 1000 சுத்து சுத்தினா, வெளியே போற தண்டு 866-க்கும் 1155-க்கும் நடுவுல ஊஞ்சலாடும். காஸ் 30-ஐப் பெருக்கினா ஒண்ணு, வகுத்தா இன்னொண்ணு. பின் சக்கர வண்டியில சாய்வு கம்மி. அதோட ரெண்டு ஜாயின்ட்டைச் சரியா எதிரெதிரா மாட்டினா, ஒண்ணு பண்ற தப்பை இன்னொண்ணு அழிச்சுடும். பிழைச்சுக்கலாம்.

ஆனா முன் சக்கரம் இழுக்கணும்னா? அதே சக்கரம் திரும்பவும் செய்யணும், பள்ளத்துல ஏறி இறங்கவும் செய்யணும். வளைவுல 30, 40 டிகிரின்னு ஒடியும். அந்த இடத்துல ஊஞ்சல் ஆடினா ஸ்டியரிங் கையில உதறும்.

இப்போ கண்ணாடியை எடுங்க. பென்சில் முனை கண்ணாடியைத் தொடுற மாதிரி சாய்வாப் பிடிங்க. உள்ளே ஒரு பென்சில் தெரியுதா? ரெண்டும் சேர்ந்து ஒரு கோணம். பென்சிலை விரலால உருட்டுங்க. உள்ளே இருக்கிற பென்சிலும் அதே வேகத்துல உருளும். ஒரு துளி கூடவோ குறையவோ அதுக்கு வழியே இல்லை! ரெண்டு தண்டுக்கும் நடுவுல, கோணத்தைச் சரிபாதியா வெட்டுற இடத்துல கண்ணாடி நிக்குது. அதுதான் ரகசியம். ஒரு தண்டு இன்னொண்ணைத் தள்ளுற இடங்கள் எல்லாம் எப்பவும் அந்தக் கண்ணாடித் தளத்துலயே இருந்துட்டா, வேகம் மாறாது.

அந்தத் தள்ளுற இடங்கள்தான் ஆறு குண்டு. ஃபோர்டு கம்பெனியில எஞ்சினீயரா இருந்த ஆல்ஃபிரட் ஸெப்பா 1920-கள்ல இதுக்குப் பேடன்ட் போட்டார். கிண்ணத்துக்குள்ளே ஆறு பள்ளம், நட்சத்திரத்து மேலே ஆறு பள்ளம், நடுவுல குண்டுகள். குண்டுகளை ஒரே தளத்துல பிடிச்சு வைக்கிற வளையம்தான் கேஜ். தண்டு எவ்வளவு சாய்ஞ்சாலும் கேஜ் அதுல பாதிதான் சாயும். தண்டு 40 டிகிரின்னா கேஜ் 20. கண்ணாடி எங்கே நிக்கணுமோ அங்கே! அதே காலத்துல பிரான்ஸ்ல ழான் ஆல்பர்ட் க்ரெகுவார் கூட்டணி 'டிராக்டா'ன்னு வேற மாதிரி ஒரு ஜாயின்ட் கொண்டுவந்தாங்க. ரெண்டாம் உலகப் போர்ல நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்புகளோட முன் ஆக்சில்ல இந்த மாதிரி ஜாயின்ட்டுங்கதான் உழைச்சுது. 1959-ல வந்த பிரிட்டிஷ் 'மினி' கார், குண்டு ஜாயின்ட்டை வீட்டு வண்டிக்குக் கொண்டுவந்துச்சு. நம்ம ஊருல 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்த பிறகுதான் 'முன் சக்கரம் இழுக்கிற கார்' தெருத்தெருவா பரவுச்சு. பெட்ரோல் எஞ்சினே இல்லாத எலெக்ட்ரிக் கார்லயும் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இதே மாதிரி ஜாயின்ட்தான் இருக்கு.

இவ்வளவையும் நான் பரீட்சையில எழுதினேன். 'கேஜ் பாதிக் கோணம் சாயும்'ங்கிற வரியை அடிக்கோடு போட்டே எழுதினேன். அந்த ஒத்தை வரிதான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னைத் தண்ணி காட்டுச்சு.

கழட்டினது ஈஸி

சனிக்கிழமை சாயங்காலம் வேலை ஆரம்பம். சக்கரம் தரையில இருக்கும்போதே நடுவுல இருக்கிற ஹப் நட்டைத் தளர்த்திடணும். தங்கச்சியை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு, பைப்பை மாட்டித் தொங்கினேன். அந்த நட்டுக்கு அவ்வளவு முறுக்கு. சின்ன காருக்கே பொதுவா 150 நியூட்டன் மீட்டருக்கு மேலே முறுக்கியிருப்பாங்க. அப்புறம் ஜாக்கி, கூடவே ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில தலையைக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், சொல்லிட்டேன்.

கீழ் பால் ஜாயின்ட்டைக் கழட்டி, ஹப்பை வெளியே இழுத்து, ஷாஃப்ட்டை கியர்பாக்ஸ்லேர்ந்து உருவினா... கியர் ஆயில் என் சட்டை மேல அபிஷேகம். முன்னாடியே வடிச்சிருக்கணும். கிழிஞ்ச பூட்டை பிளேடால அறுத்து எறிஞ்சுட்டு, பித்தளைக் கம்பியை வச்சு 'ணங்'னு ஒரு தட்டு. ஜாயின்ட் தனியா வந்துடுச்சு. சில வண்டியில சர்க்ளிப்பை இடுக்கியால விரிச்சாத்தான் வரும், எங்க வண்டியில தட்டினாலே வரும். சில கம்பெனிங்க சர்வீஸ் புத்தகத்துல 'வெளிப்பக்க ஜாயின்ட்டைப் பிரிக்காதே, மொத்தமா மாத்து'ன்னே போட்டிருப்பாங்க. அதுல ஒரு நியாயம் இருக்கு. என்னை மாதிரி ஆளுங்களை மனசுல வச்சுத்தான் எழுதியிருப்பாங்க.

கிழிஞ்ச பூட் வழியா மண் உள்ளே போயிருந்துச்சு. கிரீஸைத் தேய்ச்சுப் பார்த்தா விரல்ல நறநறன்னுது. 60 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது சின்ன காரோட சக்கரம் நிமிஷத்துக்கு 600 தடவைக்கு மேலே சுத்தும். அந்த மண்ணோட ஓடினா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். அதனால முழுசாப் பிரிச்சுக் கழுவணும்னு முடிவு பண்ணினது தப்பே இல்லை.

பிரிச்ச விதம்தான் தப்பு.

எந்தக் குண்டு எந்த ஜன்னல்ல இருந்துச்சு, நட்சத்திரத்தோட எந்தப் பக்கம் வெளியே பார்த்துச்சு... எதுக்கும் ஒரு பெயின்ட் பொட்டுகூட வைக்கலை. ஆறையும் மண்ணெண்ணெய் டப்பாவுக்குள்ளே கொட்டி, கோலி குண்டு மாதிரி அலசி, பழைய பேப்பர் மேலே பரப்பினேன். பழகின குண்டு பழகின பள்ளத்துக்கே திரும்பிப் போகணுங்கிறது அப்போ புத்திக்கு எட்டலை. இதுல ஒரு குண்டு பேப்பர்லேர்ந்து நழுவி, முற்றத்துல உருண்டு, தண்ணித் தொட்டிக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு. டார்ச் அடிச்சு, துடைப்பக் குச்சியை விட்டு நோண்டி எடுக்க முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் அப்பா திண்ணையில உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தார். ஒரு வார்த்தை பேசலை.

நாலு போச்சு, அஞ்சாவது போகலை

முதல் ரெண்டு மணி நேரம் கேஜைக் கிண்ணத்துக்குள்ளே இறக்கவே தெரியலை. படுக்க வச்சா விளிம்புல இடிக்கும். கடைசியில தற்செயலா நெட்டுக்குத்தா நிறுத்திப் பார்த்தேன். எதிரெதிர் ஜன்னல் ரெண்டும் கிண்ணத்தோட மேட்டுக்கு நேரா வந்ததும் 'சளக்'னு உள்ளே போச்சு. ஆஹா! ஆனா நட்சத்திரத்தை முதல்லயே கேஜுக்குள்ள போட்டிருக்கணுமே? மறுபடி வெளியே எடுத்தேன். நட்சத்திரத்தையும் நெட்டுக்குத்தாப் பிடிச்சு, அதோட ஒரு மேட்டை ஒரு ஜன்னலுக்குள்ள நுழைச்சுத் திருப்பினா கேஜுக்குள்ளே உட்காருது. ரெண்டையும் சேர்த்துக் கிண்ணத்துல இறக்கிப் படுக்க வச்சேன். மணி ராத்திரி ஒண்ணு. படுத்துட்டேன்.

காலையில குண்டு போடுற படலம். ஒரு பக்கம் சாய்ச்சா எதிர்ப்பக்க ஜன்னல் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்க்கும், அதுல ஒரு குண்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சாவது ஜன்னல் பாதிதான் திறந்துச்சு. ஸ்க்ரூ டிரைவரால கேஜை நெம்பினேன். ம்ஹூம். எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி. ம்ஹூம். மூணாவது தடவைதான் நட்சத்திரத்தையே தலைகீழாப் போட்டிருக்கேன்னு தெரிஞ்சுது. தண்டு நுழையுற பக்கம் அடியில இருக்கு! திருப்பிப் போட்டேன். மறுபடி நாலு போச்சு. அஞ்சாவது? ம்ஹூம்.

மத்தியானம் அம்மா தட்டுல சாப்பாடு போட்டுக் கொண்டுவந்து பக்கத்துல வச்சுட்டுப் போனாங்க. சாப்பிடலை. அப்பா யாருக்கோ போன் பண்ணி, காலையில ஒரு வேன் கிடைக்குமான்னு கேட்கிறது காதுல விழுந்துச்சு. அவங்க சொன்ன வாடகையைக் கேட்டு, "சரி, அப்புறம் சொல்றேன்"னு வச்சுட்டார். அந்த ஆர்டர்ல நிக்கிற லாபமே அவ்வளவுதான்.

அப்போதான் அந்தக் கேவலமான காரியத்தைப் பண்ணினேன். சுத்தியலை எடுத்து கேஜ் மேலே ரெண்டு போடு போட்டேன்.

வந்தாரு கில்லாடி

அஞ்சு மணிக்கு ஷெட்டுலேர்ந்து பையன் வந்தான், ஸ்பேனரைத் திருப்பி வாங்க. என் வயசுதான் இருக்கும். பேப்பர் மேலே கிடக்கிறதைப் பார்த்துட்டு ஒண்ணும் கேட்கலை. குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னா சார், முழுசாப் பிரிச்சுட்டீங்களா?"

"ஆமா பாஸ். அஞ்சாவது குண்டு போக மாட்டேங்குது."

"சுத்தியல்ல அடிச்சீங்களா?"

பொய் சொல்ல வாய் வரலை. தலையாட்டினேன்.

பனியன் வேஸ்ட்டை எடுத்து எல்லாத்தையும் துடைச்சான். நட்சத்திரத்தோட பள்ளம் ஒவ்வொண்ணுலயும் கட்டைவிரல் நகத்தை வச்சு மெதுவா ஓடவிட்டான். கிண்ணத்துலயும் அப்படியே. நகம் எங்கயாவது தட்டுச்சுன்னா, அங்கே பள்ளம் விழுந்துடுச்சு, ஜாயின்ட் குப்பைக்குன்னு அர்த்தம். அப்புறம் கேஜை வெளிச்சத்துல பிடிச்சு ஜன்னல் ஜன்னலாப் பார்த்தான். விரிசல் இருக்கான்னு. அந்த ரெண்டு நிமிஷமும் எனக்கு ரிசல்ட் போர்டு முன்னாடி நிக்கிற மாதிரி இருந்துச்சு.

"தப்பிச்சீங்க சார். விளிம்புலதான் பட்டிருக்குது."

ரெண்டு செங்கல்லைச் சேர்த்து வச்சு, கிண்ணத்தோட வாலை நடுவுல செருகி ஆடாம நிறுத்தினான். நட்சத்திரம், கேஜ், நெட்டுக்குத்து, திருப்பு, படுக்கை... கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ளே. ஒரு குண்டு போட்டான். எதிர்ப்பக்கம் ஒண்ணு. அடுத்து ஒண்ணு, அதுக்கு எதிர்ப்பக்கம் ஒண்ணு. நாலாச்சு. அஞ்சாவதுக்கு அவன் கேஜைத் தொடவே இல்லை! சுத்தியலோட மரப்பிடியை நட்சத்திரத்து நடு ஓட்டைக்குள்ள செருகி, தரையைத் தொடுற மாதிரி அப்படியே மடக்கினான். நட்சத்திரம் ஏறக்குறைய செங்குத்தா நின்னுடுச்சு. ஜன்னல் முழுசா, அகலமா வெளியே வந்து "வாப்பா"ன்னு கூப்பிட்டுச்சு. குண்டு உள்ளே. எதிர்ப்பக்கம் மடக்கு. ஆறாவதும் உள்ளே. 7 நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தேன்.

அப்படியே உறைஞ்சு போயிட்டேன். ஏன்னா, அது என்னோட 16 மார்க்! கேஜ் பாதிக் கோணம்தான் சாயும். அதனால ஜன்னல் விளிம்புக்கு மேலே வர்ற அளவுக்குக் கேஜ் சாயணும்னா, நட்சத்திரம் அதைவிட ரெண்டு மடங்கு சாயணும். நான் என்னடான்னா ரெண்டையும் ஒண்ணாச் சாய்ச்சுக்கிட்டு, கேஜை நெம்பிக்கிட்டு இருந்திருக்கேன். முதல் குண்டுக்கு அது நடக்கும், ஏன்னா பிடிச்சு வைக்க ஆள் இல்லை. நாலு குண்டு உள்ளே போயிட்டா அதுங்க சட்டப்படிதான் நடக்கும்.

"பாஸ், இவ்வளவு மடக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரு சொல்லுவா? மாஸ்டர் மடக்குவாரு, நானும் மடக்குறேன். மடக்கினாத்தான் தொறக்கும்."

பேப்பர் ஓரத்துல பேனாவால ரெண்டு கோடு போட்டேன். நடுவுல ஒரு கோடு. "இது தண்டு, இது வால், நடுவுல இருக்கிறது கேஜ். இது 40 சாய்ஞ்சா இது 20. எப்பவும் பாதி"ன்னேன். கண்ணாடி, பென்சில் கதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தான். அப்புறம் மரப்பிடியை மறுபடி செருகி, மெதுவா சாய்ச்சு, குனிஞ்சு கேஜை மட்டும் பார்த்தான். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

"அட, ஆமா சார்! பாதிதான் வருது. ரெண்டு வருஷமா மடக்கினுகீறேன், இத்தப் பார்த்ததே இல்ல. அப்போ வண்டியில ஓடும்போது ஏன் சார் குண்டு வெளியே வந்து விழல?"

நல்ல கேள்வி. வைவாவுல எந்த எக்ஸாமினரும் என்னைக் கேட்காத கேள்வி! யோசிச்சு, ஷாஃப்ட்டை எடுத்துச் செருகிக் காட்டினேன். தண்டு மாட்டியிருக்கும்போது 45 டிகிரி வாக்குல சாயறதுக்குள்ளேயே அது கிண்ணத்து விளிம்புல இடிச்சு நின்னுடும். ஜன்னல் வெளியே வர்ற அளவுக்குச் சாயவே விடாது. குண்டு தப்பிக்க வழியே இல்லை. மரப்பிடி ஒல்லியா இருக்கிறதாலதான் அவ்வளவு தூரம் மடங்குது.

கிரீஸ் பாக்கெட்டைப் பிச்சு, பாதியை ஜாயின்ட்டுக்குள்ளே விரலால அழுத்தி அழுத்தித் திணிச்சோம். மீதி பூட்டுக்குள்ளே போகணும். ஷாஃப்ட்ல புது சர்க்ளிப் போட்டாச்சு. ஜாயின்ட்டை முனையில வச்சு, அடிக்கிறதுக்குச் சுத்தியலை ஓங்கினவன் அப்படியே நின்னான்.

"சார்... பூட்டு எங்க?"

பூட்டும் உள் கிளாம்ப்பும் பேப்பர் மேலே சமர்த்தா உட்கார்ந்திருந்துச்சு! அதை முதல்ல ஷாஃப்ட்டுல கோத்துட்டுத்தான் ஜாயின்ட்டை அடிக்கணும். அடிச்சிருந்தா மறுபடி முதல்லேர்ந்து. அவன் தலையில அடிச்சுக்கிட்டான், நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். திண்ணையில அப்பாவும் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. அந்த ரெண்டு நாள்ல முதல் தடவை.

பூட்டை ஏத்திட்டு, வால் நுனியில மரக்கட்டையை வச்சு அடி. நேரா மரையில அடிச்சா மரை நசுங்கிடும். 'டக்'. சர்க்ளிப் உட்கார்ந்த சத்தம். பிடிச்சு இழுத்துப் பார்த்தோம், வரலை. பூட் மூடுறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ டிரைவர் நுனியை ரப்பருக்குள்ளே விட்டு, அடைஞ்ச காத்தை 'புஸ்'னு வெளியேத்தினான். இல்லைன்னா பூட் பலூன் மாதிரி உப்பி, சீக்கிரமே கிழியுமாம். கிளாம்ப், ஷாஃப்ட், பால் ஜாயின்ட், புது ஹப் நட். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு பைப்பைப் போட்டு ரெண்டு பேரும் முறுக்கினோம். நட்டோட விளிம்பை உளியால பள்ளத்துல தட்டி மடிச்சு, கியர் ஆயிலை அளவு பார்த்து ஊத்தினப்போ மணி எட்டரை.

தெருமுனை கிரவுண்டுல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, மெதுவா எட்டு போட்டோம். கண்ணாடியை இறக்கிட்டு ரெண்டு பேரும் மூச்சு விடாம கேட்டோம். கிரிக்கெட் பந்து சத்தம், நாய் குரைக்கிற சத்தம். வேற ஒண்ணும் இல்லை.

அவனுக்குக் காசு கொடுக்கப் போனேன், வாங்கலை. "ஷெட்டு டைம்னா வாங்குவேன் சார்"னான். அம்மா பெரிய டப்பாவுல இட்லியும் வடகறியும் கட்டிக் கொடுத்தாங்க. அதை வாங்கிக்கிட்டான். ஸ்பேனர் பையை எடுத்தவன், நான் படம் போட்ட பேப்பர் ஓரத்தையும் கிழிச்சு மடிச்சு பாக்கெட்டுல வச்சுக்கிட்டான். "மாஸ்டரைக் கேட்டு மடக்குறேன்"னு சிரிச்சான்.

2007-லேர்ந்து நடக்கிற 'பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா' போட்டி மாதிரி, மாணவர்களே வண்டி கட்டி ஓட்டுற இடங்கள்ல சேர்ந்த ஃப்ரெண்ட்ஸுங்க யாராவது சி.வி. ஜாயின்ட்டோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தா, இந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் கொடுங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி பெயின்ட் பொட்டு, அடிக்கிறதுக்கு முன்னாடி பூட்... இந்த ரெண்டையும் சிவப்பு மையில வட்டம் போட்டுக் கொடுங்க.

திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணி. அண்டா ஏத்துற சத்தம் கேட்டுச்சு. நான் எழுந்திருக்கலை, முழிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். அப்பா வண்டியை எடுத்தார். எங்க தெருமுனை ரொம்பக் குறுகல், ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சாத்தான் திரும்பும். பின்னாடி 150 பேரோட டிபன் கனம் வேற. காதைத் தீட்டி வச்சுக் கேட்டேன். எஞ்சின் சத்தம் சன்னமாச்சு... வளைஞ்சுது... மெயின் ரோட்டுல கலந்து போச்சு.

"என்னடா, தூங்கலையா?"ன்னாங்க அம்மா.